சமூக ஊடகச் சோர்வு: விலகுவதா, ஒதுங்குவதா, களையெடுப்பதா?

தை பிறந்ததிலிருந்து ஒரே கேள்வியை மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் ஒரு பட்டதாரிப் பெண், இரவு பதினொன்றரை மணிக்கு மேல் உடன் படித்தவர்களின் வளைகாப்புப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு விடியும்வரை தூக்கம் பிடிக்காமல் கிடப்பதாகச் சொன்னாள். திருத்துறைப்பூண்டியில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஊர்க் குழுவில் வரும் சாதிப் பெருமைக் காணொளிகளும் அவற்றுக்குக் கீழே வரும் வசவுகளும் காலைக் காப்பி குடிக்கும் முன்பே மனத்தைக் கெடுத்துவிடுகின்றன என்றார். கும்பகோணத்தில் படிக்கும் மாணவன் ஒருவன், காவிரி நீர்ப் பங்கீடு பற்றித் தான் எழுதிய நான்கு வரிகளுக்காக முகம் தெரியாதவர்கள் கூட்டமாக வந்து தன் தாயைச் சொல்லி ஏசியதைக் காட்டினான். மூவரும் கடைசியில் கேட்டது இதுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போய்விடலாமா, அல்லது வேறு வழி இருக்கிறதா?

கேள்வி ஒன்றுதான் என்றாலும் மூவரையும் வருத்துவது ஒன்றல்ல. முதலாமவளை வருத்துவது ஒப்பீடு. இரண்டாமவரை வருத்துவது தெரிந்தவர்களின் பேச்சு. மூன்றாமவனை வருத்துவது தெரியாதவர்களின் வன்மம். ஒருவருக்குப் பொருந்தும் வழி மற்றவருக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். பட்டன் போன் ஒன்றைத் தவிர, கீழே சொல்லியிருக்கும் வழிகளை நான் ஏதாவது ஒரு காலத்தில் செய்து பார்த்திருக்கிறேன். எனவே அவற்றின் வெளியே தெரியாத விலையையும் சேர்த்தே சொல்ல முடியும்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது?

முடிவெடுக்கும் முன் மூன்று நாள் ஒரு கணக்கு எழுதிப் பாருங்கள். போனைக் கீழே வைத்ததும் மனம் கனத்திருந்தால், எந்தச் செயலியில், யாருடைய பதிவைப் பார்த்த பிறகு என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். முகநூல்தான் என்னைச் சோர்வடையச் செய்கிறது என்று அதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தபோது பதினேழு வரிகளில் பதினொன்று வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றியவை. இந்தக் கணக்கில்லாமல் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தவறான செயலியைத் தண்டிப்பதில்தான் முடியும்.

அடுத்து ஐந்து அளவுகோல்கள். ஆறுதல் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கும், எத்தனை நாள் நிலைக்கும்? பிழைப்புக்கும் விவசாயத்துக்கும் வேண்டிய செய்தி தவறிப்போகுமா? உறவில் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்? மனம் மாறினால் திரும்பி வர முடியுமா? அன்றாடம் கடைப்பிடிக்க எவ்வளவு மன உறுதி வேண்டும்?

இரண்டாவது அளவுகோலை நகரத்தில் இருந்து எழுதுகிறவர்கள் எளிதாகத் தாண்டிவிடுகிறார்கள். நம் பகுதியில் அப்படித் தாண்ட முடியாது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியில் எத்தனை அடி நிற்கிறது, வழக்கமான ஜூன் 12 அன்று திறப்பார்களா, 2024-இல் நடந்ததைப்போல ஜூலைக் கடைசிவரை காத்திருக்க வேண்டுமா என்பதையெல்லாம் வைத்துத்தான் குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்று வீடுகள் முடிவு செய்கின்றன. அந்தச் செய்தி இன்று முதலில் வருவது கையில் இருக்கும் போனுக்குத்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, எந்த ஊருக்குத் தார்ப்பாய் வேண்டும், எங்கே குடிநீர் இல்லை என்ற பட்டியல்களை வெளியூர்ப் பிள்ளைகள் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டுத்தான் வண்டிகளை வழிநடத்தினார்கள். நம்மைச் சோர்வடையச் செய்யும் அதே கருவி அன்று தண்ணீர் கொண்டுவந்தது என்பதை மறந்துவிட்டு ஒப்பிடுவது நேர்மையாகாது.

| வழி | ஆறுதல் | செய்தி இழப்பு | உறவில் விலை | திரும்ப முடியுமா? | மன உறுதி |
|---|---|---|---|---|---|
| அடியோடு அழிப்பது | உடனே, நீடித்து | அதிகம் | அதிகம் | கெடு முடிந்தால் முடியாது | ஒருமுறை மட்டும் |
| சில வாரம் முடக்குவது | உடனே, ஆனால் தற்காலிகம் | நடுத்தரம் | குறைவு | முடியும் | முதல் வாரம் அதிகம் |
| களையெடுப்பது | மெதுவாக, நீடித்து | குறைவு | கவனம் தேவை | முடியும் | மாதம் ஒருமுறை |
| முறை வைத்துப் பார்ப்பது | நடுத்தரம் | மிகக் குறைவு | இல்லை எனலாம் | முடியும் | தினமும் |
| பட்டன் போன் | உடனே | மிக அதிகம் | நடுத்தரம் | முடியும் | தினமும் |

## கணக்கை அடியோடு அழிப்பது

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் கணக்கை நீக்கச் சொன்னால் 30 நாள் கெடு தருகிறார்கள். அதற்குள் மீண்டும் உள்ளே நுழைந்தால் நீக்கத்தை ரத்து செய்யலாம், அதன் பிறகு முடியாது. வாட்ஸ்அப்பில் இந்தக் கெடு இல்லை. கணக்கை நீக்கிய கணமே எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறிவிடுவீர்கள். பழைய உரையாடல்களும் போய்விடும்.

வெளியே தெரியாத விலை மூன்று இடங்களில் இருக்கிறது. முகநூல் கணக்கைக் காட்டியே வேறு செயலிகளில் நுழைந்திருந்தால் அவற்றின் கதவும் மூடிக்கொள்ளலாம். நீங்கள் ஒருவரே நிர்வகிக்கும் கடைப் பக்கமோ கோயில் திருப்பணிப் பக்கமோ இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். மூன்றாவது, படங்கள்; இறந்துபோன அப்பாவின் கடைசிப் பொங்கல் படம் முகநூலில் மட்டுமே இருக்கிறது என்பதை நீக்கிய பிறகு நினைவுகூர்ந்தவர்களை நான் அறிவேன். நீக்குவதற்கு முன் உங்கள் தகவல்களின் நகலைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி அமைப்புகளிலேயே உண்டு. அதைச் செய்யாமல் நீக்கும் பொத்தானைத் தொடாதீர்கள்.

உறவின் கணக்கு வேறு. சொல்லாமல் கொள்ளாமல் குழுக்களை விட்டுப் போனவரை ஊர் "கோபித்துக்கொண்டு போய்விட்டார்" என்றுதான் சொல்லும். பங்காளிகளுக்குள் ஏற்கெனவே வரப்புத் தகராறு இருக்கும் வீட்டில், இந்த வெளியேற்றத்துக்கு நீங்கள் நினைத்தே பார்க்காத பொருள் கற்பிக்கப்படும்.

ஆனாலும் இதுவே சரியான வழியாக இருக்கும் சூழல் உண்டு. சோர்வு முழுவதும் அறிமுகமில்லாதவர்களிடமிருந்து, ஒரே ஒரு செயலி வழியாக வருகிறது, அந்தச் செயலி உங்கள் பிழைப்புக்குத் தேவையில்லை, முடக்கியும் களையெடுத்தும் பார்த்து இரண்டு மூன்று முறை பழைய நிலைக்கே திரும்பிவிட்டீர்கள் என்றால், அந்த ஒன்றை மட்டும் அழிப்பதில் தயங்க வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே இரவில் அழிக்கும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. அது பெரும்பாலும் அழுத இரவில் எடுக்கும் முடிவாக இருக்கிறது.

## சில வாரங்களுக்கு முடக்கி வைப்பது

முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் அழிக்காமல் முடக்கி வைக்கலாம். பெயரும் படங்களும் மற்றவர் கண்ணில் படாது. திரும்பும்போது எல்லாம் இருந்தபடியே இருக்கும். முகநூலை முடக்கினாலும் மெசஞ்சரை வைத்துக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் முடக்கம் என்ற ஏற்பாடு இல்லை. செயலியைப் போனிலிருந்து எடுத்துவிடுவதுதான் வழி. அப்போது கணக்கு அப்படியே இருக்கும், ஆனால் உங்களிடம் வந்து சேராத செய்திகளை அந்த நிறுவனம் 30 நாள்தான் வைத்திருக்கும். அதற்கு மேல் ஒதுங்கினால், இடையில் வந்தவற்றில் பழையவை என்றைக்கும் கிடைக்காது.

இந்த வழியின் பலனைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018-இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய 4 வாரங்களுக்கு முகநூலை முடக்கி வைக்கச் சொல்லிப் பணம் கொடுத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் நடத்திய சோதனையின் முடிவுகள் 2020-இல் வெளியாயின. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமானது, வீட்டாரோடும் நண்பர்களோடும் நேரில் செலவிடும் நேரம் கூடியது, மன நிலையில் சிறிய முன்னேற்றம் தெரிந்தது, அரசியல் கருத்துகளில் இருந்த பிளவு குறைந்தது. கூடவே நாட்டுநடப்புச் செய்தி அறிவும் குறைந்தது. நான்கு வாரம் முடிந்த பிறகும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே முகநூலைப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சிறிய முன்னேற்றம் என்ற சொல்லையும் கவனியுங்கள். எல்லாத் துயரமும் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்து முடக்கினால் இரண்டாம் வாரமே ஏமாற்றம் வரும்.

இதில் மறைந்திருக்கும் விலை திரும்பி வரும் நாளில் இருக்கிறது. எதையும் மாற்றாமல் வந்தால் அதே முகங்கள், அதே வசவுகள், கூடவே தவறவிட்டதை எல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிடும் ஆசை. போகும் முன்பே, திரும்பி வந்ததும் யாருடைய பதிவுகளை நிறுத்தப் போகிறேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கையும் ஆற்றில் உடைப்பு பற்றிய செய்தியும் தவறக் கூடாது. சம்பா அறுவடை முடிந்து நெல்லைப் போட்ட பிறகு, மாசி பங்குனியில் ஒதுங்குவது விவசாய வீட்டுக்கு ஏற்றது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும், குறிப்பிட்ட ஒரு துயரத்தை, ஒரு நிச்சயதார்த்த முறிவையோ தேர்வுத் தோல்வியையோ, கடந்துகொண்டிருப்பவர்களுக்கும் மற்ற வழிகளைவிட இதுவே நல்லது.

## இருந்துகொண்டே களையெடுப்பது

பலர் இதை அரைகுறையாகச் செய்துவிட்டுப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் நம் பகுதி மக்களில் பெரும்பாலோருக்கு இதுவே பொருந்தும் என்பது என் கருத்து; அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திண்ணையில் உட்கார்ந்து என் வாட்ஸ்அப் குழுக்களை எண்ணினேன். 41 இருந்தன. நான் அன்றாடம் பயன்படுத்துபவை 9: பள்ளி, பாசனம், மாமா சித்தப்பா வீடுகள், இன்னும் சில. மரியாதைக்காக இருப்பவை 20: குலதெய்வக் கோயில், வகையறா, பழைய மாணவர்கள், தெருக்காரர்கள். மீதி 12 குழுக்களில் யார் என்னைச் சேர்த்தார்கள் என்றே தெரியவில்லை. அந்த 12-இலிருந்தும் அன்றே வெளியேறினேன். 2022 ஆகஸ்டிலிருந்து குழுவை விட்டுப் போனால் அட்மினுக்கு மட்டுமே அறிவிப்பு போகிறது. ஆயினும் அண்மையில் விலகியவர்களின் பட்டியலை 60 நாள்வரை குழுவினர் யாரும் தேடிப் பார்க்க முடியும் என்பதால், உறவினர் குழுவில் இதை முழு மறைவு என்று எண்ணிவிடக் கூடாது. மரியாதைக் குழுக்கள் இருபதையும் "எப்போதும்" என்று ஒலியடக்கி, காப்பகப் பகுதிக்கு அனுப்பினேன். யார் என்னைக் குழுவில் சேர்க்கலாம் என்ற அமைப்பைத் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று மாற்றினேன். இந்த ஒன்றைச் செய்யாவிட்டால் தேர்தல் நெருங்கும்போது 12 மறுபடியும் 30 ஆகிவிடும்.

அடுத்து ஸ்டேட்டஸ். ஒருவருடைய ஸ்டேட்டஸை மட்டும் மறைத்து வைக்கலாம். அவருக்குத் தெரியாது, பேச்சும் நிற்காது. சிங்கப்பூரிலிருந்து வாரம் ஒரு புதுச் சட்டையோடு படம் போடும் சித்தி மகன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். ஆனால் மாதக் கடைசியில் அந்தப் படங்கள் எங்கள் வீட்டுக்குள் எழுப்பும் பேச்சு எனக்கு வேண்டாம். முகநூலில் நட்பை முறிக்காமலே ஒருவரைப் பின்தொடராமல் இருக்கலாம், அல்லது 30 நாளுக்கு மட்டும் அவரை ஒதுக்கி வைக்கலாம். இன்ஸ்டாகிராமில் ஒருவரைக் கட்டுப்படுத்தி வைத்தால் அவர் எழுதும் கருத்து அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். நாம் அனுமதிக்காதவரை மற்றவர்களுக்குத் தெரியாது. குறிப்பிட்ட வசைச்சொற்கள் உள்ள கருத்துகளைத் தானாகவே மறைக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு. தமிழ் வசைகளையும், அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதும் வடிவங்களையும் நாமே பட்டியலில் சேர்க்க வேண்டும், அதைத் தட்டச்சு செய்யும் அரை மணி நேரம் மனத்துக்கு இனிமையாக இருக்காது. யூடியூபில் பார்த்தவற்றின் வரலாற்றை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் வருவது நின்றுவிடும். தேடியதை மட்டும் பார்க்கலாம்.

இந்த வழியின் விலையை நான் கொடுத்தேன். காப்பகத்துக்கு அனுப்பிய வகையறா குழுவில் ஒரு பெரியப்பாவின் இறப்புச் செய்தி வந்தது. முன்பெல்லாம் துக்கச் சேதி சொல்ல வீட்டு வாசலுக்கு ஆள் வரும். இப்போது குழுவில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் சொன்னதாகக் கணக்கு. எனக்குத் தெரிந்தபோது மூன்றாம் நாள் ஆகியிருந்தது, பால் தெளித்து முடித்திருந்தார்கள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து வகையறா குழுவை மட்டும் ஒலியோடு வைத்திருக்கிறேன். காலை வணக்கப் படங்கள் நாற்பது வந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். நீங்கள் களையெடுக்கும்போது, நல்லது கெட்டது எந்தக் குழுவில் அறிவிக்கப்படுகிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று, முதல் களையோடு வேலை முடியாது. எதைப் பார்த்து நாம் சினந்து நின்றோமோ அதைப்போலவே இன்னும் நான்கைக் கொண்டுவந்து காட்டும்படிதான் இந்தச் செயலிகள் இயங்குகின்றன. கோபத்தோடு எழுதும் பதிலையும் அவை ஆர்வம் என்றே கணக்கிடுகின்றன. மாதம் ஒருமுறையாவது மறுபடி உட்கார வேண்டும். கடை வைத்திருப்பவர்கள், பள்ளி அலுவலகக் குழுக்களில் இருந்தே ஆகவேண்டியவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள பெற்றோர் ஆகியோருக்கு இதுவே ஏற்றது.

## முறை வைத்துப் பார்ப்பது

தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் கல்லணையில் காவிரிக்குச் சில நாள், வெண்ணாற்றுக்குச் சில நாள் என்று முறை வைத்து விடுவார்கள். அதைப்போல எதையும் நீக்காமல் நேரத்தை மட்டும் வகுத்துக்கொள்வது இந்த வழி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகநூல், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு 10 நிமிடம் என்று 3 வாரம் குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன.

ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஒவ்வொரு செயலிக்கும் நேரக் கெடு வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் நாம் வைத்த பூட்டை நாமே திறந்துவிடுகிறோம் என்பதுதான் அனுபவம். போனை இரவு ஒன்பது மணிக்கு ரேழியில் சார்ஜில் போட்டுவிட்டு, எழுப்புவதற்குத் தனியாக ஓர் அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்வது இதைவிட நன்றாக வேலை செய்கிறது.

நம் வீடுகளில் இதற்கு ஒரு தடை உண்டு. கணவர் துபாயில் வேலை முடித்து இரவு ஒன்பது மணிக்கு அழைத்தால் இங்கே பத்தரை. அந்த அழைப்புக்காகத்தான் போன் படுக்கையறைக்குள் வருகிறது. பேசி முடித்ததும் விரல் தானாக ரீல்ஸுக்குப் போகிறது, பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறது. அந்தப் பெண்களிடம் ஒன்பது மணிக்குப் போனைத் தூர வை என்று சொல்வது கொடுமை. பேசுவதற்கான செயலி மட்டும் உள்ள ஒரு பழைய போனைப் படுக்கையறைக்கும், மற்றதை ரேழிக்கும் என்று பிரித்துக்கொண்ட ஒரு வீட்டை அறிவேன். அவர்களுக்கு அது ஒத்துவந்தது.

## பட்டன் போனுக்கு மாறுவது

மனத்துக்கு அமைதி உண்டு. ஆனால் மேட்டூர் நிலவரம், பள்ளிக் குழு, பணம் அனுப்பும் வசதி எல்லாம் ஒருசேரப் போவதால் வீட்டில் இன்னொருவரின் ஸ்மார்ட்போனை நம்பியே வாழ வேண்டியிருக்கும். ஓய்வு பெற்றவர்களுக்கும், பெரிய தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் சில மாதங்களுக்குப் பொருந்தும். மற்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

## வசவு கூட்டமாக வரும்போது

கும்பகோணத்து மாணவனின் நிலைக்கு மேலே சொன்ன எந்த வழியும் நேரடியாகப் பொருந்தாது. மிரட்டல், உருமாற்றிய படங்கள், வீட்டாரை இழுத்து ஏசுவது என்று போகும்போது கணக்கை அவசரமாக அழிப்பதுதான் பெரிய தவறு, ஏனென்றால் சாட்சியமும் சேர்ந்து அழிந்துவிடும். முதலில் ஸ்கிரீன்ஷாட்களை எடுத்து, எழுதியவரின் கணக்குப் பெயரும் தேதியும் தெரியும்படி இன்னொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். பிறகு தடை செய்யுங்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் புகார் பதியலாம். பெண்களுக்கு 181 உதவி எண் உண்டு. புகாரைப் பதிந்த பிறகு சில வாரம் முடக்கி வைத்து ஒதுங்குவது நல்லது. பதிலுக்குப் பதில் எழுதுவதில் நியாயம் இருக்கலாம், ஆனால் இருபது வயதுப் பிள்ளை நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து ஐம்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறது என்றால் அது செயலி அமைப்புகளை மாற்றித் தீரும் விஷயமல்ல. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கட்டணமின்றி எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

## எந்த வழியானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது

மன்னார்குடிப் பெண் இன்ஸ்டாகிராமை மட்டும் சித்திரைவரை முடக்கி வைத்திருக்கிறாள். வாட்ஸ்அப்பில் ஏழு பேரின் ஸ்டேட்டஸை மறைத்திருக்கிறாள். உரக்கடை அண்ணனால் ஊர்க் குழுவை விட முடியாது, வாடிக்கையாளர்கள் அதில்தான் இருக்கிறார்கள். அதை ஒலியடக்கிவிட்டு மதியம் கடை ஓய்ந்திருக்கும்போது ஒருமுறை மட்டும் திறக்கிறார். இருவரையும் ஒரு வேலையை முதலில் செய்யச் சொன்னேன். ஒதுங்குவதற்கு முந்தைய நாளே நெருங்கியவர்களுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட வேண்டும். ஒதுங்கிய பிறகு விளக்கம் சொன்னால் அதைச் சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். நான் அனுப்பியது இது, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"இனிமேல் வாட்ஸ்அப்பை நாள்தோறும் ஒருமுறைதான் பார்ப்பேன். யார்மேலும் வருத்தம் இல்லை. நல்ல சேதியோ துக்கமோ, அவசரமோ என்றால் தயவுசெய்து போன் செய்து சொல்லுங்கள். எந்த நேரமானாலும் எடுப்பேன்."